கிழங்கு வேண்டுமா, பனை வேண்டுமா?

(எமது சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்திலே விளையாட்டுக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையிலே ஆண்டுதோறும் சமயச் சொற்பொழிவு நிகழ்வதே வழக்கம். இவ்வாண்டு விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தபோது, இது பொருத்தமாகுமோ என்று முதலிலே தயங்கினோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது அத்தயக்கம் நீங்கியது. உடம்பினுள்ளே இறைவன் உறைகின்றான், ஆதலின் அதனை ஓம்புதல் கடன் என்று திருமூல நாயனார் கூறியதை நாம் அனைவரும் அறிவோம். 1897ஆம் ஆண்டு தை மாதத்திலே கொழும்பில் வந்திறங்கி யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளிய சுவாமி விவேகானந்தர், அதன்பின் சென்னையில் ஆற்றிய உரையொன்றில், இளைஞர் முதலில் உடல் வலிமை தேடுதல் வேண்டும் என்பதையே வற்புறுத்தினார். எனவே, உடலை வளர்க்கும் முறையைப் பற்றிப் பேசுவது எமது சங்கத்தின் நோக்கத்துக்குப் புறம்பானதன்று.

நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே. ஒரு சிறு பிள்ளையை எடுத்து, பல ஆண்டுகள் வளர்த்து, நல்ல விளையாட்டு வீரனாகவோ வீராங்கனையாகவோ ஆக்குவது எப்படி? அதனை நாம் செய்து வருகின்றோமா? இல்லை என்பதே எமது விடை. ஏன் இல்லை என்பதைச் சொல்லவே வந்தோம்.

எங்கள் ஊர் உவமையொன்றோடு தொடங்குவோம். ஆவணி, புரட்டாதியிலே பனங்கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தியிலே அடுக்கி மண்ணால் மூடுகின்றோம். தை, மாசியிலே பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுக்கின்றோம். அவித்துத் தின்கின்றோம், காயவைத்து ஒடியலாக்கிக் கூழும் காய்ச்சுகின்றோம். அதிலே குற்றமில்லை. ஆனால், கிண்டி எடுத்த கொட்டை ஒருநாளும் பனையாவதில்லை. கிண்டாமல் விட்ட கொட்டையே வடலியாகி, பதினைந்து இருபது ஆண்டு பொறுத்தபின் பாளை தள்ளி, நுங்கும் பழமும் தந்து, மூன்று தலைமுறைக்கு நிற்கின்றது. எமது பாடசாலைகளிலும் சங்கங்களிலும் விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுவதும் அந்தத் தை, மாசி மாதங்களிலேதான். அப்பொழுது நாம் கிண்டி எடுப்பதும் கிழங்கையேதான். பத்து வயதுப் பிள்ளையின் கையிலே கிண்ணத்தைக் கொடுத்துப் படம் பிடிக்கின்றோம். அப்பிள்ளை இருபது வயதில் எங்கே நிற்கின்றது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறரைக் குறை கூறுவதன் முன் எமது பிழையைச் சொல்லுதல் முறையாகும். பல ஆண்டுகளுக்கு முன் எமது பொங்கல் விளையாட்டு விழாவிலே பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஓடினான். பெயர் வேண்டியதில்லை. தன்னொத்த பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம்; அப்பொழுதே மீசை அரும்பியிருந்தது. ஒரே நாளில் நூறு மீற்றர், இருநூறு மீற்றர், நானூறு மீற்றர், நீளம் பாய்தல், உயரம் பாய்தல், அஞ்சலோட்டம் ஆகிய ஆறிலும் அவனைச் சேர்த்தோம். ஐந்தில் முதலிடம். தோளிலே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தோம். அடுத்த ஆண்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு சிறிது புடைத்து வலிக்கின்றது என்றான். எண்ணெய் தடவி, “ஓட ஓடச் சரியாகிவிடும் தம்பி” என்று சொல்லி மீண்டும் ஓடவிட்டவர்கள் நாமே. பதினாறு வயதில் மற்றப் பிள்ளைகள் அவன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டார்கள். அதுவரை உயரத்தாலேயே வென்று வந்தவனுக்குப் பாயும் முறையையோ ஓடும் முறையையோ நாம் கற்பித்திருக்கவில்லை. ஒருமுறை நாலாமிடம் வந்தான். அதன்பின் மைதானத்துக்கு அவன் வரவேயில்லை. கேட்டபோது, “தோற்கிறதைப் பார்க்க ஆக்கள் வருவினம், நான் வரமாட்டன்” என்றான்.

அதே வகுப்பிலே இன்னொரு சிறுவன் இருந்தான். ஆண்டின் கடைசி மாதத்திலே பிறந்தவன், உருவத்திலும் சிறியவன். ஓட்டத்தில் எப்பொழுதும் கடைசி. ஆயினும் பின்னேரந்தோறும் மைதானத்துக்கு வந்து நிற்பான். ஓடுவதற்கு இடமில்லை என்று சொல்ல மனமில்லாமல், சுண்ணாம்பு வாளியைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னோம். பதினெட்டாவது வயதிலே அவன் ஆறடிக்கு ஓரங்குலம் குறைவாக நின்றான். நீண்ட கால், ஒல்லியான உடல், உயரம் பாய்தலுக்கென்றே கடவுள் படைத்த உருவம். அப்பொழுதுதான் எமக்குக் கண் திறந்தது. ஆனால் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. இன்றும் எமது விழாவுக்குக் கோடு போடுபவர் அவரே. அவர் எம்மீது கோபங்கொள்ளவில்லை. அதுவே எமக்கு அதிகம் உறுத்துகின்றது.

இவ்விரு பிள்ளைகளிடத்தும் நாம் செய்த பிழை ஒன்றே. வளர்ச்சியைத் திறமை என்று கொண்டோம். வளர்ச்சியின் தாமதத்தைத் திறமையின்மை என்று கொண்டோம்.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பெண் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு வயதளவிலும், ஆண் பிள்ளைகள் பதினான்கு வயதளவிலும் மிக விரைவாக உயர்கின்றார்கள். அந்த உச்சக் காலத்தில் ஓராண்டிலே 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை உயர்வதுண்டு. ஆனால் இது சராசரியே. சிலருக்கு இரண்டாண்டு முந்தும். சிலருக்கு இரண்டாண்டு பிந்தும். ஆகவே, ஒரே வகுப்பில் அருகருகே இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருவரின் உடல்களுக்கிடையே நான்கு ஆண்டு வித்தியாசமும் இருக்கலாம். பதினொரு வயது உடலையும் பதினைந்து வயது உடலையும் ஒரே கோட்டிலே நிறுத்தி, முந்தியவனுக்குக் கிண்ணம் கொடுக்கின்றோம். இதிலே நாம் அளந்தது எதனை?

பிறந்த மாதமும் இவ்வாறே. பதினான்கு வயதின் கீழ் என்று பிரிக்கும்போது, தை மாதத்திற் பிறந்த பிள்ளையும் மார்கழியிற் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நிற்கின்றார்கள். இடையே ஏறக்குறைய ஓராண்டு. கனடா நாட்டிலே பனித்தரை ஹொக்கி விளையாட்டை ஆராய்ந்தவர்கள், தெரிந்தெடுக்கப்பட்ட சிறந்த இளம் வீரரில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை 1985ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்கள். தை மாதத்திலே பிறந்தால் திறமை கூடுமென்று எந்தச் சோதிடரும் சொல்லார். மூத்த பிள்ளை முதலிற் தெரிவாகின்றது. தெரிவான பிள்ளைக்கே பயிற்சி கிடைக்கின்றது. பயிற்சி கிடைத்த பிள்ளையே பின்பு சிறப்படைகின்றது. மார்கழிப் பிள்ளை சுண்ணாம்பு வாளியோடு நிற்கின்றது. “விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பழமொழி, மைதானத்தைப் பொறுத்தவரை பல பயிர்களைக் கெடுத்துவிட்டது.

இனி, வளர்ந்து நின்ற பனைகள் சிலவற்றைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களை இங்குள்ள முதியோர் நன்கறிவர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலிற் பங்குபற்றியபோது அவருக்கு வயது பதினேழு. பதக்கம் கிடைக்கவில்லை. 1956ஆம் ஆண்டு மெல்பேணுக்கும் சென்றார். அங்கும் பதக்கம் கிடைக்கவில்லை. 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து பொற்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதற் பொன் அதுவே. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதல் ஒலிம்பிக்குக்கும் அந்தப் பொன்னுக்கும் இடையே ஆறு ஆண்டுகள். பதினேழு வயதிற் பதக்கமின்றித் திரும்பியவரை “இவர் சரிவரார்” என்று ஒதுக்கியிருந்தால் 1958 நிகழ்ந்திருக்குமா? அப்பெரியார் 2024ஆம் ஆண்டில் மறைந்தார். அவரைப் பற்றிப் பெருமை பேசும் நாம், அவர் காத்திருந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு இலண்டனில் 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற டங்கன் வைற் அவர்களுக்கு அப்பொழுது வயது முப்பது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்க அவர்களுக்கு வயது இருபத்துநான்கு. முதலில் அவருக்குக் கிடைத்தது வெண்கலம். முன்னே ஓடியவர் ஊக்க மருந்து காரணமாக நீக்கப்பட்டபின் அது வெள்ளியாயிற்று. 2024ஆம் ஆண்டு பாரிஸ் வரை ஒலிம்பிக்கிலே எமது நாடு பெற்ற பதக்கங்கள் இவை இரண்டே. இரண்டும் முதிர்ந்த உடல் பெற்றவை.

“சிறு வயதிலே வென்று பெரிய வீரரானவர் இல்லையோ?” என்று இளைஞர் கேட்கலாம். உண்டு. யமேக்கா நாட்டு உசைன் போல்ற் 2002ஆம் ஆண்டிலே, பதினைந்து வயதில், உலகக் கனிஷ்ட மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரை வென்றார். ஆனால் 2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் முதற் சுற்றிலேயே வெளியேறினார். காயத்தால் வருந்தினார். புதிய பயிற்றுநரின் கீழ் முதுகையும் இடுப்பையும் வலுப்படுத்திப் பொறுமையோடு பயின்று, 2008ஆம் ஆண்டு பீஜிங்கிலே உலகை வியக்க வைத்தார். பிறவித் திறமை படைத்த அவருக்கே இடையில் ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன. எங்கள் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதோ போட்டிக்கு முந்திய மூன்று வாரம்.

அப்படியானால் எந்த வயதில் எதைச் செய்வது? ஹங்கேரியில் பிறந்து கனடாவிலே பணியாற்றிய இஸ்ற்வான் பாலி என்னும் அறிஞர் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். 2005ஆம் ஆண்டளவில் கனடா அதனைத் தன் நாட்டு முறையாக ஏற்றுக்கொண்டது. அதனை எங்கள் ஊருக்கு ஏற்றவாறு சுருக்கிச் சொல்வோம்.

ஆறு வயது வரை பிள்ளை ஓடியாடித் திரிதல் வேண்டும். அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆறு முதல் ஒன்பது வயது வரை விளையாடி மகிழும் பருவம். ஓடுதல், பாய்தல், எறிதல், பிடித்தல், சமநிலை காத்தல், நீந்துதல் என்னும் அடிப்படைகள் இப்பருவத்திலேயே படிய வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பல விளையாட்டுக்களின் முறைகளைக் கற்கும் பருவம். பன்னிரண்டு முதல் பதினாறு வரை உடம்பைக் கட்டியெழுப்பும் பருவம். போட்டி உண்டு, ஆயினும் பயிற்சியே பெரிது. பதினாறுக்கு மேல் ஒரு விளையாட்டைத் தெரிந்து போட்டிக்கெனப் பயிலலாம். பெண் பிள்ளைகளுக்கு இவை ஓராண்டு முந்திவரும். இருபதை அண்டியும் அதற்கு மேலுமே வெற்றிக்கான பருவம். எல்லாவற்றுக்கும் பின்னால், போட்டியை விட்ட பின்னும் ஆயுள் முழுதும் உடலை இயக்கிக்கொண்டிருக்கும் பருவம் ஒன்றுண்டு. எம்மிற் பலர் மறந்துவிட்ட பருவம் அதுவே.

இம்முறையிற் சொல்லப்படும் யாவும் நிறுவப்பட்டவையல்ல என்பதையும் மறைக்க மாட்டோம். இன்ன வயதில் இன்ன ஆற்றலை வளர்க்காவிடின் வாயில் மூடிவிடும் என்று கூறும் பகுதிக்குப் போதிய சான்றில்லை என 2011ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர் எடுத்துக் காட்டினார்கள். ஆதலின், பதினான்கு வயதில் முதன்முதலாக மைதானத்துக்கு வரும் பிள்ளையைப் “பிந்திவிட்டாய்” என்று திருப்பி அனுப்புதல் தகாது. அவ்வாறே பத்தாயிரம் மணித்தியாலம் பயின்றால் எவரும் வல்லவராவர் என்ற பேச்சும் பரவியிருக்கின்றது. அது 1993ஆம் ஆண்டு பேர்லினில் வயலின் மாணவரிடையே செய்யப்பட்ட ஆய்வொன்றிலே கண்ட சராசரியைப் பிறர் விதியாக்கியதால் வந்தது. எண்ணிக்கையன்று, வயதுக்கேற்ற ஒழுங்கே முக்கியம்.

எங்கள் முன்னோர் இந்த அடிப்படைகளைக் காசு செலவின்றிக் கற்பித்தார்கள் என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கின்றது. கிளித்தட்டிலே ஓடிய பிள்ளை திடீரென நிற்கவும் திரும்பவும் ஏமாற்றவும் கற்றது. எட்டுக்கோட்டிலே ஒற்றைக் காலிற் துள்ளிச் சமநிலை கற்றது. கிட்டிப்புள்ளிலே கண்ணும் கையும் இணைந்தன. கீரிமலைக் கேணியிலே நீச்சல் வந்தது. இன்று பின்னேரத்திலே ஒழுங்கைகளிற் பிள்ளைகளைக் காண்பதரிது. தனியார் வகுப்பிலோ கைத்தொலைபேசியின் முன்னிலையிலோ இருக்கின்றார்கள். ஐந்து முதல் பதினேழு வயதுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிஷமாவது மூச்சு வாங்க இயங்குதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்தது. உலகிலே பதினொன்று முதல் பதினேழு வயதினரில் நூற்றுக்கு 81 பேர் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்த அளவை எட்டவில்லை.

காயங்களைப் பற்றியும் சொல்லுதல் கடன். நாம் எண்ணெய் தடவி ஓடவிட்ட சிறுவனின் முழங்கால் நோவுக்குப் பெயருண்டு. 1903ஆம் ஆண்டிலே ஒஸ்குட், ஷ்லாற்றர் என்னும் மருத்துவர் இருவர் தனித்தனியே விவரித்தமையால் அது அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது. எலும்பு விரைந்து நீளும் பருவத்திலே, தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழேயுள்ள முற்றாத எலும்பை இழுப்பதால் வருவது. குதிக்காலிலும் இவ்வாறு வருவதுண்டு. பெரும்பாலும் ஓட்டத்தையும் பாய்ச்சலையும் குறைத்துப் பொறுத்திருந்தால் மாறிவிடும். பொறுக்காமல் ஓட்டினால் மாதக் கணக்கில் இழுக்கும். பிள்ளையின் மனமும் வெறுத்துவிடும். இப்பருவத்திற் பிள்ளை திடீரெனத் தடுமாறுவதும், நேற்றுப் பாய்ந்த உயரத்தை இன்று பாய முடியாதிருப்பதும் இயல்பு. கைகால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழகவில்லை. “சோம்பேறி” என்று ஏசுவதற்கு மாறாக, “கொஞ்சம் பொறு தம்பி, வளருகிறாய்” என்று சொல்லப் பழகுவோம்.

விளையாட்டு மருத்துவர் கூறும் இலகுவான கணக்கொன்றுண்டு. ஒழுங்கமைந்த பயிற்சியும் போட்டியும் சேர்ந்து, வாரத்திற்குப் பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு வயதுக்குப் பன்னிரண்டு மணி. பாரம் தூக்கினால் பிள்ளை குள்ளமாகும் என்ற அச்சமும் ஊரில் உண்டு. அறிந்தவர் மேற்பார்வையில், அளவான பாரத்தோடு, சரியான முறையிற் செய்யும் பயிற்சியால் வளர்ச்சி தடைப்படுவதற்குச் சான்றில்லை. கண்டபடி தூக்குதலே தீங்கு.

அடுத்துப் பெண் பிள்ளைகள். பதினொரு வயது வரை ஆண் பிள்ளைகளுக்கு ஈடாக ஓடிய பிள்ளை, பெரியபிள்ளையானதும் மைதானத்தை விட்டு மறைந்துவிடுகின்றது. “இனி என்ன ஓட்டம்?” என்று வீட்டிற் கேட்கின்றார்கள். தாய்மார்களே, அந்த வயதிலேதான் அவளுடைய எலும்பு உறுதிப்படுகின்றது. அதற்கு ஓட்டமும் பாய்ச்சலும் மிக நல்லவை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலே கோலூன்றிப் பாய்தல் பழகிய மாணவியர் தேசிய அரங்கு வரை சென்றமை உங்கள் கண்முன்னே நடந்தது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். செலவாகும் சக்திக்கேற்ப உண்ணாமல் கடும் பயிற்சி செய்தால், மாதவிடாய் நின்றுபோகும், எலும்பும் நலியும். 2014ஆம் ஆண்டிலே சர்வதேச ஒலிம்பிக் குழு இதனைப் பற்றித் தனியாக எச்சரித்தது. ஆண் பிள்ளைகளுக்கும் இக்கேடு உண்டென்றும் கூறியது. மாதவிடாய் நிற்பதை “பயிற்சியால் வருவது” என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இதை ஒரு பெண் பிள்ளை யாரிடம் வாய்விட்டுச் சொல்வாள்? ஆகையால் எமது மைதானத்தில் அக்காமார் இருவராவது பொறுப்பிலிருத்தல் இன்றியமையாதது.

உணவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. விளம்பரத்திற் காணும் மாவுப் பேணிகள் எமது பிள்ளைகளுக்குத் தேவையில்லை. சோற்றோடு பருப்பும், அவித்த பயறும் கடலையும், முருங்கையிலையும், பாலும் தயிரும், குரக்கன் பிட்டும், உழுத்தங்களியும், எள்ளுருண்டையும் ஒழுங்காகக் கிடைத்தால் மரக்கறி உண்ணும் பிள்ளையும் நன்கு வளரும். வெறுவயிற்றோடு மைதானத்துக்கு வருவதும், மத்தியான வெயிலில் நீரின்றி ஓடுவதுமே நாம் முதலில் நிறுத்த வேண்டியவை.

பரீட்சையைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. பத்து வயதிற் புலமைப்பரிசில் பரீட்சை, பதினாறில் சாதாரண தரம், பத்தொன்பதில் உயர்தரம். வளரும் வீரனின் முக்கியமான ஆண்டுகள் இவையே. போர்க் காலத்தில் 2009ஆம் ஆண்டு வரை எத்தனையோ பிள்ளைகள் இவ்வயதை மைதானமின்றியே கழித்தார்கள். இன்று மைதானம் உண்டு, பிள்ளை இல்லை. நாம் பெற்றோரிடம் கேட்பது பெரிதன்று. வாரத்தில் மூன்று பின்னேரம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பரீட்சை ஆண்டில் இதனை இரண்டாகக் குறைப்போம். முற்றாக நிறுத்திவிட வேண்டாம். எதிர்வீரசிங்கம் அவர்கள் பாய்ந்ததோடு நின்றவரல்லர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பயின்று கலாநிதிப் பட்டமும் பெற்றவர். மைதானமும் புத்தகமும் ஒன்றையொன்று கெடுப்பனவல்ல.

இப்பொழுது பெரியோர்களுக்கு மனவருத்தம் தரக்கூடிய விடயத்துக்கு வருகின்றோம். எமது விழாவிலே பத்து வயதின் கீழ், பன்னிரண்டு வயதின் கீழ் ஓட்டங்களுக்கு ஞாபகார்த்தக் கிண்ணங்கள் பல வழங்கப்படுகின்றன. தாய் தந்தையர் நினைவாகக் குடும்பங்கள் பக்தியோடு தந்தவை அவை. அவற்றை அச்சிறு பிரிவுகளிலிருந்து எடுத்துவிட வேண்டுமென எமது குழு முன்மொழிகின்றது. இதனைச் சொல்ல எமக்கு நா எழவில்லை. ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்.

நோர்வே நாட்டைப் பாருங்கள். சுமார் ஐம்பத்தைந்து இலட்சம் மக்கள். அந்நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் 1987ஆம் ஆண்டிலேயே சிறுவர் விளையாட்டுக்கு விதி வகுத்தது. 2007ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட விதிகளின்படி, பதினொரு வயதுக்கு முன் பெறுபேற்றுப் பட்டியலோ தரவரிசையோ இல்லை. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியச் சுற்றுப்போட்டி இல்லை. சிறுவரிடையே யார் முதல்வன் என்று தேடாத அந்நாடு, 2022ஆம் ஆண்டு பீஜிங் மாரிக்கால ஒலிம்பிக்கில் 16 பொற்பதக்கம் பெற்றது. ஒரு மாரிக்கால ஒலிம்பிக்கில் எந்த நாடும் அதுவரை பெறாத தொகை அது. பனியும் செல்வமும் அவர்களுக்கு உதவின என்பது உண்மையே. விதி ஒன்றே வெற்றி தந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால், சிறுவருக்குக் கிண்ணம் கொடாவிட்டால் வீரர் தோன்றமாட்டார் என்ற எமது அச்சம் பொய் என்பதை அது காட்டுகின்றது.

கிண்ணம் தந்த குடும்பத்தாரே, உங்கள் பெற்றோரின் பெயரை அழிக்க நாம் எண்ணவில்லை. அப்பெயர்கள் இருக்கட்டும். உயரம் பாய்தலுக்கு மெத்தையொன்று, சிறு பிள்ளைகள் எறிவதற்குப் பாரமற்ற ஈட்டிகள், குடிநீர்த் தாங்கியொன்று, இவற்றின்மீது அப்பெயர்கள் எழுதப்படட்டும். கிண்ணம் ஒரு வீட்டு அலுமாரியிலே தூங்கும். மெத்தையில் ஆண்டுக்கு நூறு பிள்ளைகள் விழுந்தெழும்புவார்கள்.

எமது முன்மொழிவுகள் ஐந்து. முதலாவது, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிரிவுகளில் இடமும் கிண்ணமும் இல்லை. ஓடுதல், பாய்தல், எறிதல், கிளித்தட்டு, அஞ்சல் ஆகிய ஐந்திலும் ஒவ்வொரு பிள்ளையும் பங்குபற்றும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பரிசு. இரண்டாவது, பதினாறு வயதுக்குட்பட்டவர் எவரும் ஒரு நாளில் இரண்டு தனி நிகழ்ச்சிகளுக்கும் ஓர் அஞ்சலோட்டத்துக்கும் மேற் பங்குபற்றலாகாது. மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. மூன்று மாதத்துக்கொருமுறை உயரமும் நிறையும் எழுதப்படும். விரைந்து வளரும் பிள்ளைக்குப் பயிற்சி குறைக்கப்படும். வளராத பிள்ளை ஒதுக்கப்படமாட்டாது. நான்காவது, பயிற்சி தை மாதத்துக்கு மட்டுமன்றி ஆண்டு முழுவதும் நடைபெறும். பெண் பிள்ளைகளுக்கு அக்காமார் பொறுப்பாயிருப்பர். ஐந்தாவது, மைதானத்தை விட்டுப்போன முன்னாள் வீரர்களை அழைத்து, மத்தியஸ்தராகவும் பயிற்றுநராகவும் பழக்குதல்.

ஐந்தாவதைப் பற்றி ஒரு சொல். அன்று மைதானத்தை விட்டுப்போன அந்த முதற் சிறுவன் இன்று இரு பிள்ளைகளின் தந்தை. சென்ற மாதம் அவரிடம் சென்றோம். முழங்காலைப் பற்றி அன்று சொன்ன வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மகளுக்கு ஒன்பது வயசு. கொண்டுவந்து விடட்டோ?” என்று கேட்டார். அவள் எத்தனையாமிடம் வருவாள் என்று நாம் பார்க்கப் போவதில்லை என்று வாக்களித்திருக்கின்றோம். அவ்வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு இச்சபையின் வாக்கெடுப்பிலே தங்கியிருக்கின்றது.

இளைஞர்களே, யுவதிகளே! உங்களில் எவரேனும் இன்று கடைசியாக ஓடுபவராயின், மைதானத்தை விட்டுப் போகாதீர்கள். இன்று முதலாவதாக ஓடுபவராயின், அதனை முடிவு என்று எண்ணாதீர்கள். பெரியோர்களே! பனை நட்டவர் அதன் நுங்கைத் தாமே உண்ணக் கருதி நட்டதில்லை. எங்கள் வேலியோரத்தில் நிற்கும் பனைகளெல்லாம் எவரோ கிண்டாமல் விட்டவையே.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் எமது பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் காப்பதாக.